கட்டு எது, வழி எது: இந்து யோக நெறிகள் பிரியும் இடம்

உயிர் கட்டுண்டு கிடக்கிறது என்பதில் இந்து சமய மரபுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பிறந்து, இறந்து, மீண்டும் பிறக்கும் சுழற்சியே அந்தக் கட்டு. அதிலிருந்து விடுபடுதல் வீடு, முத்தி, மோட்சம், கைவல்யம் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. விடுபடுவதற்காக மேற்கொள்ளும் ஒழுங்கான பயிற்சி யோகம். இந்த யோகத்தைக் கருமம், பக்தி, ஞானம், இராசயோகம் என நான்காக வகுத்து, எந்த வழியில் சென்றாலும் ஒரே இடத்தில் சேரலாம் என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. பழைய நூல்களில் இவ்வளவு இணக்கம் கிடையாது. வழிகள் எத்தனை, எது முதல், எது முடிவு, எது தனித்து நின்றே வீடு தரும் என்பதில் ஆசிரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டிருக்கிறார்கள். வாதத்தின் வேர் பயிற்சி முறைகளில் இல்லை. உயிரைக் கட்டியிருப்பது எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மரபும் தந்த விடையில் இருக்கிறது.

இந்தத் தொடர்பை யோக நூலாரே உணர்ந்திருந்தனர். பதஞ்சலியின் யோக சூத்திரங்களுக்கு வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரை, யோக நூலை மருத்துவ நூலோடு ஒப்பிடுகிறது. மருத்துவத்தில் நோய், நோய்முதல், நலம், மருந்து என நான்கு பகுதிகள் உண்டு. யோகத்திலும் பிறவித் துன்பம், அதன் காரணம், விடுதலை, விடுதலைக்கான வழி என நான்கு உண்டு என்கிறது அது. காரணம் மாறினால் மருந்து மாறும். யோக நெறிகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான திறவுகோல் வேறில்லை.

தொடக்கக் காலச் சான்றுகள் உபநிடதங்களில் கிடைக்கின்றன. கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவனுக்கு யமன் உபதேசிக்கிறான். புலன்களை அசையாமல் நிறுத்துவதே யோகம் என்று அங்கே வரையறை வருகிறது. சுவேதாசுவதர உபநிடதத்தின் இரண்டாம் அத்தியாயம் செய்முறையில் இறங்குகிறது: மார்பு, கழுத்து, தலை மூன்றும் நேராக நிற்க அமர்தல், மூச்சை அடக்குதல், சமதளமான தூய இடத்தைத் தேர்தல். மைத்ராயணீய உபநிடதம் ஆறு உறுப்புகள் கொண்ட யோகத்தைச் சொல்கிறது. அந்த ஆறில் ஆசனம் இல்லை, தர்க்கம் இருக்கிறது. தியானத்தில் தோன்றுவதைப் பகுத்து ஆராய்வதும் யோகத்தின் உறுப்பு என்று ஒரு மரபு கருதியிருப்பது கவனத்துக்கு உரியது.

பல வழிகள் என்ற எண்ணம் விரிவாக வெளிப்படுவது பகவத்கீதையில். அதன் சூழல் நெருக்கடியானது. போர்க்களத்தில் நிற்கும் அருச்சுனன் வினையை விட்டு விலக விரும்புகிறான். வினை உயிரைக் கட்டுகிறது என்றால் வினையை விடுவதுதானே முறை என்பது அன்றைய துறவு மரபுகளின் வாதம். கீதையின் மறுமொழி இந்த வாதத்தின் அடித்தளத்தையே தொடுகிறது. உடல் உள்ளவரை யாரும் ஒரு கணமும் செயலற்று இருக்க முடியாது. கட்டுவது செயல் இல்லை, அதன் பயனில் வைக்கும் பற்று. ஆகவே பயனைக் கருதாமல் தன் கடமையைச் செய்பவன் செயலின் நடுவிலேயே விடுபடுகிறான். கருமயோகம் என்ற கருத்தின் உயிர்நிலை இதுதான். துறவுக்கும் இல்லறத்துக்கும் இடையே நின்ற பழைய சுவரை இது பெயர்த்தது; வீடுபேறு காட்டுக்குச் சென்றவர்களுக்கு மட்டும் உரியது என்ற நிலை இதன்பின் முன்போல் நிற்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் கீதை இரண்டு நிலைப்பாடுகளையே சொல்கிறது: ஆராய்ந்து அறிவோருக்கு ஞானம், செயல்படுவோருக்குக் கருமம். ஆறாம் அத்தியாயம் தியானத்தை விரிக்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயம், உருவமற்ற பரம்பொருளை நாடுவது உடலெடுத்தவர்களுக்கு அரிது என்று கூறிப் பக்தியை முன்வைக்கிறது. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் குறிப்பிடத்தக்க ஒரு பட்டியல் உண்டு. சிலர் தியானத்தாலும், சிலர் ஆராய்ச்சியாலும், சிலர் கருமயோகத்தாலும் ஆன்மாவைக் காண்கிறார்கள்; இவை எதுவும் அறியாமல் பிறர் சொல்லக் கேட்டு வழிபடுகிறவர்களும் இறப்பைக் கடக்கிறார்கள். கடைசியாகச் சொன்னவர்களை உரையாசிரியர்கள் விரைந்து கடந்துவிடுவது உண்டு. எழுத்தறியாத பெருந்திரளான மக்களுக்குக் கீதை திறந்துவைத்த கதவு அது.

கீதை எந்த வழியை முடிந்த முடிபாகக் கொள்கிறது என்பதில் உரையாசிரியர்கள் உடன்படவில்லை. யாமுனாசாரியர் தம் கீதார்த்த சங்கிரகத்தில் பதினெட்டு அத்தியாயங்களை ஆறு ஆறாகப் பிரித்து, முதல் ஆறின் கருமமும் ஞானமும் நடு ஆறின் பக்திக்கு வழிவிடுகின்றன என்றார். அத்வைதியான மதுசூதன சரசுவதியும் அதேபோல மூன்றாகப் பிரித்தார். ஆனால் அவருக்கு வரிசை கருமம், பக்தி, ஞானம். ஒரே நூல், ஒரே பிரிவு, இரண்டு முடிவுகள். பாகவத புராணத்தின் பதினோராம் கந்தம் கண்ணன் உத்தவருக்குச் சொல்வதாக மூன்று யோகங்களை வெளிப்படையாகவே எண்ணுகிறது. செயலில் வெறுப்புற்றவர்களுக்கு ஞானம், ஆசை நீங்காதவர்களுக்குக் கருமம், மிகுந்த வெறுப்பும் மிகுந்த ஒட்டுதலும் இன்றி நடுவே நிற்பவர்களுக்குப் பக்தி என்று உரியவரையும் வகுத்துக் கொடுக்கிறது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் பொது ஆண்டு 4, 5ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கணிப்பு. நான்கு பாதங்களில் 195 சூத்திரங்கள். சில பதிப்புகளில் 196. சாங்கிய தத்துவமே அதன் தளம். உணர்வே வடிவான புருடன் ஒருபுறம். மனம், புத்தி உட்பட மாறிக்கொண்டே இருக்கும் பிரகிருதி மறுபுறம். மனத்தில் எழும் அலைகளைத் தானே என்று புருடனிடம் ஏற்றிக் காணும் மயக்கம்தான் கட்டு. இதற்கு அவிச்சை என்று பெயர். தன்முனைப்பு, விருப்பு, வெறுப்பு, உயிர்மேல் உள்ள பற்று ஆகிய மற்ற நான்கு துன்ப வேர்களும் அதிலிருந்தே முளைக்கின்றன. எனவே மருந்து மன அலைகளை அடக்குதல்.

எட்டு உறுப்புகள் இதற்காகவே அமைந்தன. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் வேண்டாமை என்னும் ஐந்தும் இயமம். தூய்மை, மனநிறைவு, தவம், ஓதுதல், ஈசுவரனிடம் ஒப்படைத்தல் என்னும் ஐந்தும் நியமம். அடுத்து ஆசனம், பிராணாயாமம், புலன்களை உள்ளிழுக்கும் பிரத்தியாகாரம், ஓரிடத்தில் மனத்தை நிறுத்தும் தாரணை, தியானம், சமாதி. ஆசனத்துக்குப் பதஞ்சலி ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். அது நிலையாகவும் சுகமாகவும் இருந்தால் போதும் என்பதே அவர் கருத்து. இன்று யோகம் என்றதும் நினைவுக்கு வரும் உடற்பயிற்சிக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு. கொல்லாமை முதலியவற்றையோ அவர் குலம், இடம், காலம், சூழ்நிலை எதனாலும் தளராத மாவிரதம் என்கிறார். அறத்தை யோகத்தின் வாசலிலேயே இவ்வளவு கண்டிப்பாக நிறுத்திய நூல் இது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

பதஞ்சலி காட்டும் முடிவும் தனித்தன்மை உடையது. புருடன் பிரகிருதியிலிருந்து பிரிந்து தன்னில் தானாக நிற்கும் கைவல்யமே அவர் சொல்லும் வீடு. எதனோடும் கலத்தல் அங்கே இல்லை. ஈசுவரன் துன்ப வேர்களும் வினையும் தீண்டாத தனிப் புருடன், முன்னோர்க்கும் குரு. அவனிடம் ஒப்படைத்தல் சமாதிக்கு ஒரு வழி. படைத்தல் முதலிய தொழில் எதுவும் சூத்திரத்தில் அவனுக்குச் சொல்லப்படவில்லை. இதனால்தான் உபநிடதங்களை ஆதாரமாகக் கொண்ட வேதாந்திகள் யோகத்தின் பயிற்சியை ஏற்றும் தத்துவத்தை மறுத்தும் எழுத நேர்ந்தது. அவர்களின் மூலநூலான பிரம்ம சூத்திரத்திலேயே யோக தரிசனத்தை மறுக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது.

அத்வைத ஆசிரியரான ஆதிசங்கரரின் வாதம் தர்க்கத்தில் கூர்மையானது. செயலால் ஆகக்கூடியவை நான்கே: இல்லாததை உண்டாக்குதல், எட்டாததை அடைதல், குற்றமுள்ளதைத் திருத்துதல், ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல். உயிர் உண்மையில் பிரம்மமே என்றால் வீடு என்பது இனி உண்டாக வேண்டியதோ அடைய வேண்டியதோ ஆகாது. திருத்தவும் மாற்றவும் அதில் எதுவும் இல்லை. செயலால் உண்டாவது எதுவும் ஒருநாள் அழியும். வீடு செயலின் விளைவானால் அதுவும் அழிந்துபோகும். கட்டு வெறும் அறியாமை. அறியாமையை நீக்கவல்லது அறிவு ஒன்றே. கருமமும் வழிபாடும் மனத்தைத் தூய்மையாக்கி அறிவுக்கு ஆயத்தப்படுத்தும். அதற்குமேல் அவற்றுக்கு வேலை இல்லை. நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிதல், இம்மை மறுமைப் பயன்களில் பற்றின்மை, அடக்கம் முதலிய ஆறு குணங்கள், விடுதலை வேட்கை என்னும் நான்கும் அமைந்தவன் குருவிடம் உபநிடதப் பொருளைக் கேட்டு, சிந்தித்து, அதிலேயே ஆழ்ந்து நிற்கவேண்டும்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. மண்டன மிசிரர் உபநிடத வாக்கியம் தரும் அறிவு தனித்துப் போதாது, இடைவிடாத தியானப் பழக்கமும் வேண்டும் என்றார். பாஸ்கரர் அறிவும் கருமமும் இணைந்தே வீடு தரும் என்றார். சங்கரரின் மாணவர் சுரேசுவரர் எழுதிய நைஷ்கர்மிய சித்தி இந்த இணைப்புக் கொள்கையை மறுப்பதில் பெருமளவு செலவிடுகிறது. மறுப்புக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டதே அந்தக் கொள்கையின் செல்வாக்குக்குச் சான்று. பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யரின் சீவன்முக்தி விவேகம் இன்னொரு சமரசத்துக்கு வந்தது. மெய்யறிவு தோன்றினாலும் வாசனைகள் என்னும் பழைய மனப்பதிவுகள் மனத்தை அலைக்கழிக்கும். ஆகவே வாசனை அழிவு, மன அழிவு ஆகியவற்றுக்குப் பதஞ்சலியின் பயிற்சி தேவை. அறிவு பெற்ற பின்னும் சினமும் ஆசையும் தலைதூக்கும் அனுபவத்தை நேர்மையாக எதிர்கொண்ட நூல் அது.

வைணவ ஆசாரியரான இராமானுசருக்குக் கட்டு வெறும் அறியாமை ஆகாது. உயிர் உண்மையானது, உலகு உண்மையானது, வினையும் உண்மையானது. இறைவனுக்கு உடலாகவும் அடிமையாகவும் உள்ள தன் இயல்பை வினை மறைத்திருக்கிறது. உண்மையான கட்டு வாக்கியப் பொருளை அறிவதால் மட்டும் அறுபடாது. கருமயோகத்தால் மாசு நீங்கி, ஞானயோகத்தால் தன்னை உணர்ந்து, அதன்மேல் இறைவனை அன்போடு இடையறாது நினைக்கும் பக்தியோகம் கைகூடவேண்டும். உணவுத் தூய்மையில் தொடங்கும் ஏழு ஒழுக்கங்களை அவர் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு அடிப்படையாகச் சொல்கிறார். எனவே அவர் பேசும் பக்தி கடினமான தியானப் பயிற்சி. உபநிடத உபாசனைகளை மேற்கொள்ளத் தகுதி பெற்ற மூன்று வருணத்தாருக்கே அது உரியது. பலனளிக்கத் தொடங்கிவிட்ட வினைகள் தீரும்வரை பல பிறவிகள்கூட ஆகலாம்.

வைணவம் இந்த இடத்தில் இன்னொரு வழியைக் காட்டியது. பிரபத்தி என்னும் சரணாகதிக்குப் பிறப்பு, கல்வி, ஆண் பெண் வேறுபாடு எதுவும் தடையில்லை. இப்பிறவியின் முடிவிலேயே வீடு. கீதையின் இறுதி அத்தியாயத்தில் தன்னையே சரணடையுமாறு கண்ணன் சொல்லும் சரம சுலோகமும், வேளாளர் குலத்தில் தோன்றிய நம்மாழ்வாரின் பாசுரங்களும் இதற்கு வேர்கள். வடமொழி வேதாந்தத்தையும் ஆழ்வார்களின் தமிழையும் இணையாக வைத்ததால்தான் இந்த வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்தது. பின்வந்த ஆசாரியர்களிடையே சரணாகதியின் தன்மை பற்றிக் கருத்து வேறுபட்டது. இறைவனுக்கு இசைந்தவற்றை எண்ணுதல், மாறானவற்றை விடுதல், காப்பான் என்ற உறுதி, காக்குமாறு வேண்டுதல், கதியற்ற தன் நிலையை உணர்தல் ஆகிய உறுப்புகளோடு உயிர் செய்யவேண்டிய செயலாக அதைக் கண்டார் வேதாந்த தேசிகர். பிள்ளை லோகாசாரியர் பார்வையில் இறைவனே வழி. தன் சரணாகதியையே வழி என்று எண்ணுவதும் பிழை. வடகலை, தென்கலை எனப் பின்னாளில் பிரிந்த மரபுகளின் நடுப்புள்ளிகளுள் இது ஒன்று. நாமம் இடும் முறையை வைத்தே அந்தப் பிரிவை அறிந்தவர்கள் பலர். அதன் ஆழத்தில் இருந்தது அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவு பற்றிய கேள்வி.

சைவ சித்தாந்தம் கட்டை இன்னும் திண்மையாகக் காண்கிறது. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் அனாதியானது. அறிவின்மை என்ற வெறும் இன்மையாக இல்லாமல் ஒரு பொருளாகவே உயிரைப் பற்றி நிற்கிறது. பொருளை அறிவு மட்டும் அகற்றாது என்பதால் ஆகமச் சைவத்தில் குரு செய்யும் சடங்கான தீக்கைக்கு இன்றியமையாத இடம் உண்டு. ஆகமங்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களைக் கொண்டவை. நூலின் பகுதிகளாக இருந்த இந்த நான்கையும் உயிர் ஏறிச்செல்லும் படிகளாக விரித்ததில் தமிழ்ச் சைவத்தின் பங்கு பெரிது. திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரம் இவற்றை வரிசையாகப் பேசுகிறது. சிவஞான சித்தியாரின் எட்டாம் சூத்திரம் ஒவ்வொன்றின் செயலையும் பயனையும் வரையறுக்கிறது. கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல், அடியார்க்கு ஏவல் செய்தல் சரியை. இது தாச மார்க்கம், பயன் இறைவன் உலகில் வாழும் சாலோகம். முறைப்படி பூசை செய்தல் கிரியை. இது சற்புத்திர மார்க்கம், பயன் அவன் அருகில் இருக்கும் சாமீபம். புலனையும் மூச்சையும் அடக்கி ஆதாரங்களின் வழியே சிவத்தை எண்ணுதல் யோகம். இது தோழமை நெறியான சக மார்க்கம், பயன் அவன் வடிவம் பெறும் சாரூபம். இம்மூன்றும் இடைநிலையான பதமுத்திகள். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நிகழும் ஞானமே சன்மார்க்கம். அதன் பயனான, இறைவனோடு இரண்டறக் கலக்கும் சாயுச்சியமே முடிவான பரமுத்தி. அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரையும் இந்த நான்குக்கும் முறையே எடுத்துக்காட்டாகச் சொல்வது சைவ வழக்கு.

இந்த ஏணியில் ஏறுவது உயிரின் முயற்சி மட்டும் என்று சித்தாந்தம் சொல்லவில்லை. நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றுபோல் நோக்கும் இருவினையொப்பு வாய்த்து, மலம் பக்குவப்பட்டு, திருவருள் வீழ்ச்சியாகிய சத்திநிபாதம் பதியும்போது, உயிர் முன்செய்த தவத்தின் பயனாக இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் எட்டாவது சொல்வது இதைத்தான்.

உடலை மையமாகக் கொண்ட அடயோகம் வேறொரு திசையிலிருந்து வந்தது. அதன் முறைகளைச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான 11ஆம் நூற்றாண்டு அமிர்தசித்தி பௌத்த வச்சிரயானச் சூழலில் எழுந்தது. தத்தாத்திரேய யோகசாத்திரம், அந்தணர், துறவி, பௌத்தர், சமணர், காபாலிகர், ஏன் சார்வாகர் கூட, பயிற்சி செய்தால் சித்தி பெறுவர் என்கிறது. கொள்கையைவிடப் பயிற்சியே பெரிது என்ற இந்தத் துணிவு வேதாந்த நூல்களில் காணக் கிடைக்காதது. இம்மரபின் நான்கு யோகங்கள் மந்திரம், இலயம், அடம், இராசம். சிவசங்கிதை இவற்றைச் சாதகரின் ஆற்றல் ஏற ஏற உரியனவாகத் தரப்படுத்துகிறது. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த அடயோகப் பிரதீபிகையில் பதினைந்து ஆசனங்களே உள்ளன. மூச்சை அடக்கும் எட்டுக் கும்பகங்களும் பத்து முத்திரைகளும் விரிவாக வருகின்றன. அங்கே இராசயோகம் என்பது சமாதிக்கு மறுபெயர். அடயோகம் அதற்கு ஏறும் படி. தமிழில் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் எண்வகை யோகத்தைப் பாடி, உடம்பை இகழாமல் இறைவன் உறையும் இடமாகப் போற்றினார்.

இன்று பரவியுள்ள நால்வகைப் பகுப்பு சுவாமி விவேகானந்தர் தந்த வடிவில் நிலைபெற்றது. நியூயார்க்கில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலிருந்து உருவான அவருடைய இராசயோகம் 1896இல் வெளிவந்தது. பதஞ்சலியின் நெறிக்கு இராசயோகம் என்ற பெயரை உலகெங்கும் பரப்பியது அந்நூல். செயல், வழிபாடு, மன அடக்கம், தத்துவ விசாரம் ஆகியவற்றுள் ஒன்றாலோ பலவற்றாலோ எல்லாவற்றாலுமோ விடுதலை பெறலாம் என்பது அவர் நிலைப்பாடு. இதில் நிகழ்ந்த மாற்றம் பெரியது. பழைய நூல்களில் வழியைத் தீர்மானித்தவை துறவு, தீக்கை, வருணம், பக்குவம். விவேகானந்தரிடம் அதைத் தீர்மானிப்பது மனிதனின் இயல்பு. செயல்விருப்பம் உள்ளவனுக்கு ஒன்று, அன்புள்ளம் கொண்டவனுக்கு ஒன்று. பிறப்பை வைத்து வாசலில் நிறுத்தும் வழக்கத்தை இது ஒரே அடியில் தகர்த்தது. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கூடவே, வழிகள் வேறுபட்டதற்கான தத்துவக் காரணங்கள் மங்கிப்போயின. கைவல்யமும் பிரம்ம ஐக்கியமும் வைகுந்தத்துத் தொண்டும் சிவனோடு இரண்டறக் கலந்தும் தனி உயிராய் நிற்பதும் ஒன்றே என்று சொல்வது அந்தந்த ஆசிரியர் யாரும் ஏற்றிராத முடிபு.

இருபதாம் நூற்றாண்டின் ஆசிரியர்கள் இந்தப் பகுப்பைத் தத்தம் போக்கில் வளர்த்தனர். மாந்தலே சிறையில் எழுதி 1915இல் வெளியான திலகரின் கீதா ரகசியம், துறவை அல்லாமல் செயலையே கீதை முடிவாகச் சொல்கிறது என்று சங்கரரை எதிர்த்து வாதிட்டது. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்து ரிசிகேசத்தில் 1936இல் தெய்வநெறிக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர், நான்கையும் ஒருவரே சேர்த்துப் பழகவேண்டும் என்றார். புதுச்சேரியில் ஆரியா இதழில் 1914 முதல் 1921 வரை எழுதிய அரவிந்தர், உலகைவிட்டு விடுபடுவதோடு நிறைவடையாமல் வாழ்வையே மாற்றும் யோகத்தைத் தேடினார். இரமண மகரிசி 1927இல் தமிழில் இயற்றிய உபதேச உந்தியார் முப்பதே பாடல்களில் கருமம், பக்தி, யோகம், ஞானம் என வரிசையாகச் செல்கிறது; மனம் தான் உதித்த இடத்தில் ஒடுங்கியிருப்பதே இந்த நான்கும் ஆகும் என்கிறது. நால்வகைப் பகுப்பை அத்வைத நோக்கில் இவ்வளவு செறிவாகக் கையாண்ட இன்னொரு நூலைக் காண்பது அரிது.

உடலோடு இருக்கும்போதே வீடு கிட்டுமா என்பது மரபுகள் பிரியும் இன்னொரு இடம். அத்வைதம் கிட்டும் என்கிறது. அறியாமை போன பின்னும் தொடங்கிவிட்ட வினை தீரும்வரை உடல் நிற்கும், அவ்வளவே. உடல் என்பதே கட்டின் அடையாளமாக இருக்க, உடலோடு கூடிய வீடு தன்னுள் முரண்பட்டது என்று இராமானுசர் மறுத்தார். சித்தாந்தம் சீவன்முத்தியை ஏற்கிறது. ஆனால் மலவாசனை மீண்டும் தாக்காதபடி விழிப்பு வேண்டும் என்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் சீவன்முத்தருக்கு விதிப்பது தனிமைத் தவம் அன்று. அவர்கள் அடியாரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவன் எனவே கண்டு வழிபடுவார்கள். சரியையில் தொடங்கிய கோயில் தொண்டும் அடியார் கூட்டமும் ஞானம் பெற்ற பின்னும் அவர்கள் வாழ்வில் தொடர்கின்றன.